கேள்வி பதில்: ‘டின் ட்ரம்’ ரெக்கார்டுல ஏன் இவ்ளோ காலி இடம்?

கேள்வி: ஜப்பான்னு பேர் வச்சிருந்த பிரிட்டிஷ் பேண்டோட ‘டின் ட்ரம்’ ஆல்பத்தோட ரீஇஷ்யூ எல்பி (மறுபடி வெளியிட்ட இசைத்தட்டு) வாங்கினேன் சார். எல்லாரும் அப்படிப் புகழ்றாங்களேன்னு ஆசையா போட்டா, பாதி நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. கிட்டார் எங்கன்னே தெரியல. நான் எதையாவது மிஸ் பண்றேனா?

பதில்: இல்லைங்க, உங்க காதுல விழுந்தது சரிதான். அந்தக் காலி இடத்தை நம்பித்தான் இந்த ரெக்கார்டையே கட்டியிருக்காங்க. 1981 நவம்பர்ல வந்த ஆல்பம், மொத்தமே 8 பாட்டு, 40 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். அந்த சமயத்துல சிந்தசைசர் வச்சிருந்த பேண்டுகள்ல நிறைய பேர் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்களை) அழுத்திப் பிடிச்சு பின்னணியை முழுசா நிரப்பிட்டு, அதுக்கு மேல ட்ரம் மெஷினை ஓட விட்டு பாடுவாங்க. இவங்க அதுக்கு நேர் எதிர். கீபோர்ட்ஸ் வாசிச்ச ரிச்சர்ட் பார்பியரி, ப்ராஃபெட் 5, ஓபர்ஹைம் மாதிரி சிந்த்களை வச்சுக்கிட்டு, அதுல ரெடிமேடா வர்ற சத்தத்தை எடுக்காம ஒவ்வொண்ணையும் தானே உட்கார்ந்து செதுக்கியிருக்கார். மணி அடிச்ச மாதிரி ஒண்ணு வரும், குழல் ஊதின மாதிரி ஒண்ணு வரும், தகரத்தைத் தட்டின மாதிரி ஒண்ணு வரும், வந்துட்டுப் போயிடும், அடுத்தது வர்ற வரைக்கும் அந்த இடத்தை யாரும் தொட மாட்டாங்க.

கிட்டார் விஷயம் என்னன்னா, கிட்டாரிஸ்ட் ராப் டீன் இந்த ஆல்பத்துக்கு முன்னாடியே விலகிட்டார். பாடகர் டேவிட் சில்வியன் கொஞ்சம் கிட்டார் வாசிச்சிருக்கார், ஆனா அது முன்னாடி வந்து நிக்காது. அந்த இடத்துக்கு வந்து நின்னது மிக் கார்னோட பேஸ் கிட்டார். கழுத்துல கட்டைகள் (ஃப்ரெட்) இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸ்ங்கிறதால ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவாம வழுக்கிக்கிட்டே போகும், கிட்டத்தட்ட கமகம் மாதிரி. பேஸ்னா அடியில தாங்கிப் பிடிக்கத்தான்னு நினைச்சிருப்போம், இந்த மனுஷன் அதைப் பாட வச்சிட்டார், நிஜமாவே சில பாட்டுல குரலை விட பேஸ்தான் எனக்கு மனசுல நிக்குது. அவர் 2011ல இறந்துட்டார், இன்னைக்கு வரைக்கும் அந்த வாசிப்பை இன்னொருத்தர்கிட்ட கேட்டதில்ல.

ஒண்ணு செஞ்சு பாருங்க. ‘சன்ஸ் ஆஃப் பயனியர்ஸ்’ பாட்டைப் போட்டு பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க, குரலை விட்டுடுங்க. மறுபடி போட்டு ட்ரம்ஸை மட்டும் கேளுங்க. சில்வியனோட தம்பி ஸ்டீவ் ஜேன்சன்தான் ட்ரம்ஸ், ஒரு அடி கூட வீணா விழாது. அதுக்கப்புறம் முழுசா கேட்டா ஒண்ணுமே நடக்கலன்னு சொல்ல மாட்டீங்க.

கேள்வி: கவர்ல ஹாஃப் ஸ்பீட் மாஸ்டரிங்னு போட்டிருக்கு. இது உண்மையிலேயே வித்தியாசம் காட்டுமா, இல்ல விற்கிறதுக்காக போடுறதா?

பதில்: எல்லா ரெக்கார்டுக்கும் ஒரே மாதிரி காட்டாது, ஆனா இதுக்குக் காட்டுது. 2018ல லண்டன் ஏபி ரோட் ஸ்டுடியோல மைல்ஸ் ஷோவெல் பண்ணது இது. லாக்கர் டிஸ்க்ல, அதாவது எல்பி அச்சடிக்க முதல்ல வெட்டுற தட்டுல, பள்ளம் வெட்டுற மெஷினையும் பாதி வேகத்துல ஓட்டுவாங்க, மாஸ்டரையும் (மூலப் பதிவையும்) பாதி வேகத்துல ஓட்டுவாங்க. அப்போ 10,000 ஹெர்ட்ஸ் சத்தம் வெட்டுற ஊசிக்கு 5,000 ஹெர்ட்ஸாத்தான் போய்ச் சேரும், அதனால மேல் ஸ்தாயி சத்தங்களை ஊசி திணறாம நிதானமா வெட்டும். 20 நிமிஷ சைடு வெட்ட 40 நிமிஷம் ஆகும், அவ்ளோதான் நஷ்டம். ‘டின் ட்ரம்’ல முக்கால்வாசி விஷயமே மணிச்சத்தம், தட்டுற சத்தம், அதோட ஓய்ஞ்சு போற வால் பகுதி, அதனால இந்த நிதானம் நல்லாவே காதுல விழும். இதோட, வழக்கமான 33க்குப் பதிலா நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துற (45 ஆர்பிஎம்) டபுள் எல்பியும் வந்தது. வேகம் கூடினா ஒவ்வொரு நொடிக்கும் பள்ளத்தோட நீளம் கூடுது, சைடு முடியுற உள்பக்கத்துல வர்ற கரகரப்பு குறையும். ஆனா அடிக்கடி எழுந்து போய் திருப்பிப் போடணும், இப்படி ஒரே மூச்சா கேக்க வேண்டிய ஆல்பத்துக்கு அது எனக்குப் பிடிக்கல, 33தான் என் சாய்ஸ்.

கேள்வி: ட்ரம்ஸ் பீட்டே இல்லாத ‘கோஸ்ட்ஸ்’ எப்படிங்க ஹிட் ஆச்சு?

பதில்: 1982ல பிரிட்டன் சார்ட்ல 5வது இடம் வரைக்கும் போச்சு, அந்த பேண்டுக்கு அதை விடப் பெரிய ஹிட் கிடையாது. ஆடவும் முடியாது, கூட சேர்ந்து தாளம் போடவும் முடியாது, உலோகம் உரசுற மாதிரி சத்தங்களுக்கு நடுவுல ஒரு ஆள் தன்னோட பயத்தைப் பத்திப் பாடுறார். எல்லாம் நல்லா போகுதுன்னு நினைக்கும்போதே பழசு எதுவோ வந்து கெடுத்துடுமோங்கிற அந்த பயம் யாருக்குத்தான் இல்ல? மெலடி ரொம்ப எளிமையானது, சுத்தி இருக்கிறதெல்லாம் விசித்திரம், அந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கெடுக்காம இருக்கிறதுதான் இந்தப் பாட்டோட பலம்னு நினைக்கிறேன். சில்வியனும் அங்க குரலை ஏத்தவே இல்ல. கொஞ்சம் அழுத்திப் பாடியிருந்தாக்கூட கெட்டுப் போயிருக்கும். பேண்டோட சேர்ந்து ஆல்பத்தை ப்ரொட்யூஸ் பண்ண ஸ்டீவ் நைங்கிறவருக்கும் நன்றி சொல்லணும், ஏதாவது சேத்துடலாம்னு கை வைக்காம விட்டிருக்காங்களே.

கேள்வி: அட்டையில மாவோ படம், பாட்டுல சீனா, அங்க இருக்கிற கான்டன் நகரம். லண்டன் பசங்களுக்கு இது வெறும் அலங்காரமா?

பதில்: நியாயமான கேள்வி. வரிகள்ல பாதி அலங்காரம்தான், தூரத்துல இருந்து பார்த்த சீனா அது, அங்க வாழ்ந்த மனுஷங்களோட கஷ்டம் அதுல இல்ல. அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனா இசை அப்படி இல்ல. ‘கான்டன்’ முழுக்க வாத்திய இசை, அதுல கிழக்கு ஆசிய மெட்டு மாதிரி ஒண்ணை எடுத்துக்கிட்டு மேல ஒட்டி விடாம, தாளம் பேஸ் எல்லாத்தையுமே அதுக்கேத்த மாதிரி மாத்தி யோசிச்சிருக்காங்க. 1978ல இதே பசங்க மேக்கப் போட்டுக்கிட்டு கிளாம் ராக் வாசிச்சிட்டிருந்தாங்க, 3 வருஷத்துல இவ்ளோ தூரம் வந்திருக்காங்கன்னா அதுக்குப் பின்னாடி எவ்ளோ உழைப்பு இருந்திருக்கணும்!

கேள்வி: எல்பி ப்ளேயர் இல்ல. ஸ்ட்ரீமிங்ல கேட்டா போதுமா?

பதில்: தாராளமா போதும். நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, சத்தம் இல்லாத நேரமா பாத்துக்கோங்க.

கேள்வி: இதுக்கு அடுத்து எதைக் கேக்கலாம்?

பதில்: ஸ்டுடியோ ஆல்பம்னு பாத்தா ஜப்பான் பேர்ல இதுதான் கடைசி, 1982 டிசம்பர்ல நகோயாவுல கடைசி கச்சேரியை முடிச்சிட்டு பிரிஞ்சிட்டாங்க. அதனால முதல்ல பின்னாடி போங்க, 1980ல வந்த ‘ஜென்டில்மென் டேக் போலராய்ட்ஸ்’ல இந்த சத்தம் எப்படி உருவாக ஆரம்பிச்சதுன்னு தெரியும். அப்புறம் 1983ல வந்த லைவ் ஆல்பம் ‘ஆயில் ஆன் கேன்வாஸ்’, ஸ்டுடியோல செதுக்கினதை மேடையில எப்படி வாசிச்சாங்கன்னு அதுல கேக்கலாம். 1991ல நாலு பேரும் ‘ரெயின் ட்ரீ க்ரோ’ங்கிற பேர்ல திரும்ப ஒண்ணு சேர்ந்து ஒரே ஒரு ஆல்பம் போட்டாங்க, அதை அவசரப்படாம கடைசியா கேளுங்க.