வின்ட்சர் கோட்டையின் பெயரில் கப்பல்கள் இருந்தனவா?

இருந்தன, அதுவும் ஒன்றுக்கு மேல். இங்கிலாந்து அரச குடும்பத்தின் இந்தக் கோட்டையை முதலில் தேம்ஸ் கரை மேட்டில் மரத்தால் எழுப்பியவர், 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம். கல் கட்டடமெல்லாம் பிறகு வந்தது.

கப்பல்களில் சுவாரசியமானது 1852-ஆம் ஆண்டுக் கதைதான். 131 பீரங்கிகள் கொண்ட 'வின்ட்சர் காசில்' போர்க்கப்பலை செப்டம்பர் 14 அன்று வேல்ஸில் உள்ள பெம்புரோக்கில் தண்ணீரில் இறக்கினார்கள். அதே நாளில் வெலிங்டன் பிரபு காலமானார். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவராயிற்றே! கோட்டையின் பெயரை எடுத்துவிட்டு, கப்பலுக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

பின்னர் யூனியன் காசில் என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம், சவுத்தாம்ப்டன் - கேப் டவுன் தபால் சேவையில் ஓடிய இரு கப்பல்களுக்கு இப்பெயரை வைத்தது. முதலாவது 1943-இல் அல்ஜீரியா அருகே விமானம் வீசிய டார்பிடோவால் மூழ்கியது. 1960-இல் ஓடத் தொடங்கிய அடுத்தது 1977-இல் கிரேக்க முதலாளி ஒருவரிடம் கைமாறி, 2005-இல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்க வந்து சேர்ந்தது.