தக்காளி வேரில் முடிச்சு: பூஞ்சாணம் கைகொடுக்குமா?

கேள்வி: தக்காளி நட்டு ஐம்பது நாளாகிறது. நண்பகலில் செடிகள் வாடித் தொங்குகின்றன; தண்ணீர் பாய்ச்சியும் தேறவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சாக இருக்கிறது. குருணை மருந்து இட விருப்பமில்லை. நூற்புழுவைக் கொல்லும் பூஞ்சாணப் பொடியை இப்போது இட்டால் பயிர் பிழைக்குமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போது நிற்கும் செடிகளை அந்தப் பொடி மீட்டுத் தராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் கண்டது வேர்முடிச்சு நூற்புழு என்னும், மண்ணில் வாழும் நுண்ணிய புழுவின் வேலை. அவரை, உளுந்து வேரில் காணும் நன்மை தரும் முடிச்சுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும்; நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது என்பதால் கிள்ளினால் வேரும் சேர்ந்து அறுந்துவிடும்.

முடிச்சுக்குள் அமர்ந்த பெண் புழு, பசை போன்ற பொதியில் சில நூறு முட்டைகளை இடுகிறது; மண்ணில் வெதுவெதுப்பு இருந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். பர்பூரியோசிலியம் லிலாசினம் என்னும் இளம் ஊதா நிறப் பூஞ்சாணம் குறிவைப்பது பெரும்பாலும் அந்த முட்டைகளைத்தான். பெரு நாட்டின் உருளைக்கிழங்கு ஆய்வுகளில் 1979இல் இதன் இந்த இயல்பு வெளிப்பட்டது. பழைய பொட்டலங்களில் பேசிலோமைசிஸ் என்ற பெயர் இருந்தாலும் பூஞ்சாணம் ஒன்றுதான். இதன் இழைகள், முட்டை ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் உறுதியான பொருளையும் புரதத்தையும் நொதிகளால் கரைத்து உள்ளே நுழைந்து கருவைத் தின்றுவிடுகின்றன. ஏற்கெனவே வேருக்குள் புகுந்துவிட்ட புழுவிடம் இதன் ஆட்டம் அவ்வளவாகச் செல்லாது.

ஆகவே அடுத்த பயிருக்கு நாற்றங்காலிலேயே தொடங்குங்கள். மேட்டுப்பாத்தியில் சதுர மீட்டருக்கு 50 கிராம் பொடியைக் கலந்துவிடலாம். நடவு வயலுக்கு, ஒரு டன் மக்கிய தொழுவுரத்தில் 2 கிலோ பொடியைக் கலந்து, புட்டு மாவின் பதத்துக்கு ஈரம் காட்டி, நிழலில் மூடி வைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டுப் பதினைந்து நாள் கழித்து இட வேண்டும். வேப்பம்புண்ணாக்கும் சேர்ந்தால் பலன் கூடும். பலரும் தவறுவது இங்கேதான்: எருவில்லாத வெறும் மண்ணில், உச்சி வெயிலில் பொடியைத் தூவிவிட்டு மருந்து சரியில்லை என்பார்கள். இது உயிருள்ள பொருள். உறையிலுள்ள காலாவதி நாளைப் பார்த்தே வாங்குங்கள். முடிச்சு விழுந்த வேர்களை வயலில் உழுதுவிடாமல் பிடுங்கி எரித்துவிட்டு, கோடை உழவு செய்து, ஒரு பருவம் செண்டுமல்லி நட்டால் நூற்புழு குறைந்து, பூஞ்சாணத்தின் வேலை வெகுவாக எளிதாகும்.

கேள்வி: இந்தப் பூஞ்சாணப் பொடியைக் கார்பென்டசிம் என்னும் பூஞ்சாணக்கொல்லியுடன் கலந்து ஊற்றலாமா?
– வாசகி, தேனி

பதில்: கூடாது. பூஞ்சாணக்கொல்லிக்கு நல்ல பூஞ்சாணம், கெட்ட பூஞ்சாணம் என்ற பேதம் தெரியாது. இரண்டுக்கும் இடையே போதிய நாள் இடைவெளி விடுங்கள். பொடியைக் கையாளும்போது முகக்கவசம் அணிவதும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம், ஏனெனில் அரிதாக இப்பூஞ்சாணம் மனிதரின் கருவிழியிலும் தொற்று உண்டாக்கியிருக்கிறது.