புரத அசிட்டைலேற்றமும் புற்றுநோயும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேடம், அசிட்டைலேற்றம் புற்றுநோயை வளர்க்குமா, தடுக்குமா?

பதில்: எந்தப் புரதத்தில் என்று முதலில் சொல்லுங்கள். புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒரு சின்ன அசிட்டைல் தொகுதியை நொதி ஒட்டுகிறது, ஒட்டியதும் லைசினின் நேர்மின்னூட்டம் போய்விடுகிறது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் இது நடந்தால் டிஎன்ஏவின் மேலுள்ள பிடி தளர்ந்து மரபணு வேலை செய்ய வழி கிடைக்கும். வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964லேயே இந்தத் தொடர்பைச் சொன்னார். புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தில் ஒட்டினால் அது வலுப்பெற்று, செல் பிரிவதை நிறுத்தப் பார்க்கும். ஆனால் செல்லைப் பெருகச் செய்யும் மிக் (MYC) மரபணுவைத் தூண்டும் பகுதியில் இதே அசிட்டைல் குறி குவிந்தால், பிஆர்டி4 என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு செல்லை விடாமல் பெருக வைக்கும்.

கேள்வி: வினிகரிலும் அசிட்டிக் அமிலம்தானே இருக்கிறது, குடித்தால் பலன் உண்டா?

பதில்: இல்லை. அசிட்டேட்டை எடுத்துத் தின்று வளரும் கட்டிகளே உண்டு.

கேள்வி: அப்பாவுக்குக் கீமோ நடக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், அசிட்டைல் குறியை நீக்கும் எச்டிஏசி நொதியைத் தடுக்குமாமே, வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள் தம்பி. தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும், கல்லீரலையும் கெடுக்கும், கீமோவில் ஏற்கெனவே தட்டணு குறைந்திருப்பவருக்கு ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். அவருடைய டாக்டரிடம் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

கேள்வி: முரண்படுகிறதே! மிக் வளர அசிட்டைல் குறி வேண்டும் என்கிறீர்கள். எச்டிஏசி தடுப்பான், குறியை நீக்கும் நொதியைத்தானே நிறுத்துகிறது? அப்படியானால் குறி கூடி, கட்டி பெரிதாக வேண்டாமா?

பதில்: இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். மருந்து கொடுத்ததும் குறி மரபணுத் தொகுதி முழுக்கப் பரவிவிடும், அதுவரை மிக் பக்கம் குவிந்திருந்த பிஆர்டி4 நாலா பக்கமும் சிதறிப் போகும், அதனால் மிக் குறைகிறது என்பது வலுவான ஒரு விளக்கம். அப்புறம், அடங்கிக் கிடந்த பி21 மரபணுவும் விழித்துக்கொண்டு செல் சுழற்சிக்குத் தடை போடும். 2006இல் வொரினோஸ்டாட், 2009இல் ரோமிடெப்சின் என்று தோலில் வரும் டி-செல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த இரண்டும் இந்த வகைதான். கூடவே எச்டிஏசி6 டியூபுலின், எச்எஸ்பி90 என்ற வேறு புரதங்களிலிருந்தும் குறியை நீக்குகிற நொதி, ஆகவே ஹிஸ்டோனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும்.

கேள்வி: குறுக்கிடுகிறேன். மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளில் வரும் திடக்கட்டிகளில் இந்த மருந்துகள் தோற்றுப்போனவை. என்டினோஸ்டாட் என்ற எச்டிஏசி தடுப்பானின் கதை தெரியாதா?

பதில்: தெரியும். மார்பகப் புற்றுநோயில் எக்ஸிமெஸ்டேன் என்ற ஹார்மோன் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்கச் சோதனையில் அது ஆயுளைக் கூட்டவில்லை. ஆனால் சீனாவில் அதே எக்ஸிமெஸ்டேனோடு சிடமைட் என்ற இன்னொரு எச்டிஏசி தடுப்பானைக் கொடுத்தபோது, நோய் முற்றாமல் இருந்த காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமானது, 2019இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. தனியாகக் கொடுத்தால் திடக்கட்டிகளில் பலன் குறைவு என்றால் ஒப்புக்கொள்கிறேன், மொத்தமாகத் தோல்வி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: திராட்சையில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் மாத்திரை? மஞ்சள் கேப்சூல்? அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வால்ப்ரோயேட்டுக்குச் சொன்ன அதே பதில். திரும்பத் திரும்ப மாத்திரைதான் கேட்கிறீர்கள். அம்மாவின் டாக்டரிடம் முழுப் பட்டியலையும் காட்டுங்கள்.