அறிவுரைப் பாட்டுக்கு அழுவது – கடிதம்

அன்புள்ள சார்,

டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் பல வருடங்களாக இருக்கிறோம். அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரி பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அந்தப் பக்கம் காது கொடுக்க ஆரம்பித்தேன். அதுவரை எல்லாப் பாட்டும் லாரி டிரைவர் பாட்டு என்று நினைத்திருந்தேன். "நல்ல கன்ட்ரி பாட்டு கதை சொல்லும், அறிவுரை சொல்லாது" என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள்.

போன மாதம் மகனுக்குப் பள்ளியில் கிராஜுவேஷன். பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்களைத் திரையில் ஓடவிட்டு, லீ ஆன் வோமாக் பாடிய 'ஐ ஹோப் யூ டான்ஸ்' பாட்டைப் போட்டார்கள். அரங்கத்தில் ஒரு அம்மா பாக்கியில்லாமல் அழுதார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து வரிகளைத் தேடி எடுத்துப் படித்தேன். கடலுக்கு முன்னால் நின்றால் நீ சின்னதாக உணரவேண்டும், தூரத்து மலையைப் பார்த்துப் பயப்படாதே, ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கட்டும்... காலையில் சித்தப்பா அனுப்பும் வாட்ஸாப் செய்தி மாதிரியே இருந்தது. "இதுக்கா அழுதே?" என்று என் கணவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊர் இல்லை, ஆள் இல்லை, கதை இல்லை. இதை ஒரு நாடே ஏன் கொண்டாடியது? இது நல்ல பாட்டா, இல்லை படங்கள்தான் எங்களை அழவைத்ததா? அப்புறம், இவருடைய வேறு ஆல்பம் எதையாவது கேட்கலாம் என்றால் எதில் தொடங்குவது?

கே.எஸ்., டாலஸ்

அன்புள்ள கே.எஸ்.,

படங்களுக்குப் பங்கு உண்டு. பள்ளி முடித்த பையன் இரண்டு வயதில் சோப்பு நுரையோடு நிற்கும் படத்தைக் காட்டினால், பின்னால் செய்தி வாசித்தால்கூடப் பெற்றவள் அழுவாள். ஆனாலும் அது நல்ல பாட்டு. மகத்தான பாட்டு என்று சொல்லமாட்டேன். நல்ல பாட்டு.

முதலில் அந்த அறிவுரை விஷயம். கன்ட்ரியின் உச்சங்கள் கதைப்பாடல்கள்தான், அதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் நீதி சொல்லும் மரபும் அதன் கூடவே வந்திருக்கிறது. கன்ட்ரியின் பெரிய பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1950 முதல் 'லூக் த ட்ரிஃப்டர்' என்ற வேறொரு பெயரிலும் இசைத்தட்டு வெளியிட்டார். பின்னணியில் மெல்ல இசை ஓட, அவர் பாடாமல் பேசுவார். அடுத்தவனைத் தீர்ப்புச் சொல்லாதே, விழுந்தவனை மிதிக்காதே என்கிற மாதிரி விஷயங்கள். பெயரை ஏன் மாற்றினார்கள் என்பது வேடிக்கையானது. மதுக்கடைகளில் காசு போட்டால் பாட்டு ஓடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை நடத்தியவர்கள் ஹாங்க் பெயர் போட்ட தட்டு எது வந்தாலும் கேட்டுப் பார்க்காமல் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பியர் குடித்து ஆட வந்தவன் காசு போட்டால் பிரசங்கம் கேட்கும். வியாபாரம் என்ன ஆவது? அதனால் பிரசங்கத்துக்கு ஒரு பெயர், பாட்டுக்கு ஒரு பெயர்.

அந்தப் பிரசங்கி யார் என்பதும் முக்கியம். குடியாலும் மாத்திரையாலும் சீரழிந்து, 1953 புத்தாண்டு அன்று ஓடும் காரின் பின் இருக்கையில் 29 வயதில் இறந்துபோன மனிதன். ஒழுங்காக வாழ்ந்தவன் அந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் யாரும் உட்கார்ந்து கேட்டிருக்கமாட்டார்கள். கன்ட்ரியில் அறிவுரையை அடிபட்டவன்தான் சொல்லவேண்டும், அதுதான் அங்கே நடைமுறை.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருவோம். இதை எழுதியவர்கள் இரண்டு பேர், டியா சில்லர்ஸ், மார்க் டி. சாண்டர்ஸ். சாண்டர்ஸ் தொண்ணூறுகளில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் வரிசையாக ஹிட் கொடுத்த தொழில்முறைப் பாடலாசிரியர். சில்லர்ஸ் அப்போது விவாகரத்தின் வலியில் இருந்தவர். எல்லாம் முறிந்த நிலையில் கடற்கரைக்குப் போய், தண்ணீருக்கு முன்னால் தான் எவ்வளவு சிறியவள் என்று நினைத்துக்கொண்டு நின்றதிலிருந்துதான் பாட்டின் விதை வந்தது. நீங்கள் வாட்ஸாப் செய்தி என்று சொன்ன அந்தக் கடல் வரி, முதலில் ஒரு பெண் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

இதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கவேண்டும் என்பதில்லை, பாட்டிலேயே தடயம் கிடக்கிறது. இரண்டாவது சரணத்தில், முரட்டு மனம் ஒன்று உன்னைக் கசந்தவளாக ஆக்கிவிட்டுப் போக இடம் கொடுக்காதே என்று ஒரு வரி வரும். காதலிப்பது தப்பாகவே முடிந்தாலும் செய்யத் தகுந்த தப்பு என்று இன்னொரு வரி. பள்ளி முடிக்கும் பிள்ளையிடம் யாராவது இதைச் சொல்வார்களா? கதவு வரியும் மலை வரியும் தேய்ந்தவை, அவற்றுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இந்த இரண்டு வரிகளில் ஆள் இருக்கிறாள், நடந்த கதையும் இருக்கிறது. அவள் அதை விவரிக்கவில்லை, அவ்வளவுதான்.

பல்லவியில் வரும் நடனத்தையும் பொத்தாம்பொதுவான 'மகிழ்ச்சியாக இரு' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் டெக்சாஸில் இருக்கிறீர்கள், நியூ ப்ரான்ஃபெல்ஸில் இருக்கும் க்ரீன் ஹால் (Gruene Hall) பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1878இல் கட்டியது, இன்றும் அங்கே ஆடுகிறார்கள். அந்த மாதிரி நடனக்கூடங்களில் சனிக்கிழமை இரவு ஊரே கூடும். ஆடுகிறவர்கள் நடுவில் இருப்பார்கள், ஆடாதவர்கள் ஓரத்துப் பெஞ்சில். புருஷனைப் பிரிந்தவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று சொல்லவேண்டியதில்லை. 'உட்கார்ந்துவிடுவதா, எழுந்து ஆடுவதா என்று வந்தால், நீ ஆடுவாய் என்று நம்புகிறேன்' என்று பல்லவி முடியும்போது அமெரிக்கக் கிராமத்தானுக்கு அந்தப் பெஞ்சு கண்ணில் தெரியும்.

இன்னொன்று, நீங்கள் வரிகளை மட்டும் படித்ததில் பெரும்பாலும் தவறிப்போயிருக்கும். வோமாக் பல்லவியைப் பாடும்போது அடியில் ஆண்குரல்கள் வேறு வார்த்தைகளைப் பாடுகின்றன. சன்ஸ் ஆஃப் த டெசர்ட் என்ற குழுவினர். காலம் நிற்காமல் உருளும் சக்கரம், திரும்பிப் பார்த்து வருடங்களெல்லாம் எங்கே போயின என்று திகைக்க யாருக்கு ஆசை என்று கேட்கிறார்கள். மேலே ஒரு அம்மா வாழ்த்திக்கொண்டிருக்கிறாள், கீழே வருடங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும். உங்களை அழவைத்தது அந்த அடிக்குரல் என்பது என் ஊகம். திரையில் படங்கள் மாறியதும் அதே வேலையைத்தானே செய்தது?

சரி, வரவேற்பு. பாட்டு வந்தது 2000இல். வோமாக் கிழக்கு டெக்சாஸின் ஜாக்சன்வில்காரர், உங்கள் ஊரிலிருந்து காரில் போய்விடலாம். அப்போது அவர் மூன்றாவது ஆல்பத்தில் இருந்தார், விமர்சகர்கள் மதித்த பழைய பாணிப் பாடகி. இந்தப் பாட்டு பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது. பொதுப் பட்டியலில் 14 வரை ஏறியது. கன்ட்ரி இசைச் சங்கம் தரும் சிஎம்ஏ விருதுகளில் ஆண்டின் சிறந்த சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு), ஆண்டின் சிறந்த பாடல் இரண்டும், அடுத்த ஆண்டு சிறந்த கன்ட்ரி பாடலுக்கான கிராமியும் கிடைத்தன. பட்டியல் முதலிடம் அவருக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

அந்த வருட சிஎம்ஏ விழாவில் ஒரு முரண் உண்டு. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் ஆலன் ஜாக்சனும் சேர்ந்து பாடிய 'மர்டர் ஆன் மியூசிக் ரோ' அதே விழாவில் விருது வாங்கியது. நாஷ்வில் முதலாளிகள் கிராமத்து வயலினான ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் துரத்திவிட்டு, பாப் ரசிகர்களின் காசுக்காகக் கன்ட்ரியைக் கொலைசெய்துவிட்டார்கள் என்று நேராகவே குற்றம்சாட்டும் பாட்டு. வயலின் கூட்டம் அலையலையாக எழும் 'ஐ ஹோப் யூ டான்ஸ்' அந்தக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கத் தோதான பாட்டுதான். நாஷ்வில் இரண்டையும் கூப்பிட்டுக் கைதட்டிவிட்டது. எனக்கும் அந்த வயலின்கள் அதிகம்தான். ஆனால் வோமாக்கின் குரலில் கிழக்கு டெக்சாஸ் இழுவை அப்படியே இருக்கிறது. வேறொருவர் பாடியிருந்தால் சர்க்கரைப் பாகாகியிருக்கும் என்பதற்கு நிரூபணமே உண்டு. அயர்லாந்துப் பாப் பாடகர் ரோனன் கீட்டிங் 2004இல் பாடிய வடிவம் பிரிட்டனில் இரண்டாமிடம் வரை போனது. நல்ல குரல்தான், ஆனால் அந்தப் பெஞ்சில் யாரும் உட்கார்ந்திருந்ததாகவே தெரியாது.

கன்ட்ரியாக இருக்கிறதா இல்லையா என்ற சண்டை ரசிகர்களுக்குள் நடந்தது. பாட்டின் விதியைத் தீர்மானித்தது வேறு. வீடியோவில் வோமாக்கின் இரண்டு மகள்களும் வந்தார்கள். அன்றோடு பாட்டின் 'நீ' யார் என்று முடிவாகிவிட்டது, குழந்தை. கையோடு எழுதியவர்கள் பெயரிலேயே, குறுந்தகடு வைத்த பரிசுப் புத்தகமாகவும் வந்தது, நன்றாக விற்றது. பிறகு கிராஜுவேஷன், கல்யாணத்தில் அம்மாவும் மகனும் ஆடும் நேரம், துக்க வீடு என்று எல்லா இடத்துக்கும் போனது. இதில் தப்பில்லை, மக்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அடிபட்டவள் பாட்டிலிருந்து வெளியே போய்விட்டாள். மிச்சமிருப்பது நீங்கள் காகிதத்தில் படித்தது. உங்கள் கணவருக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை.

அது தன் சரியான இடத்தில் பாடப்பட்ட ஒரு சந்தர்ப்பம் எனக்குப் பிடிக்கும். 2014 ஜூனில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவுக்கு நடந்த நினைவுக் கூட்டம். அங்கே வோமாக் வந்து இதைப் பாடினார். ஏஞ்சலோ சின்ன வயதில் பட்ட அடிகள் ஊரறிந்தவை. அதோடு, எழுத்தாளராகும் முன் அவர் மேடையில் ஆடியும் பாடியும் பிழைத்தவர். அங்கே அந்தப் பல்லவிக்கு உருவகமே தேவைப்படவில்லை.

இந்தப் பாட்டால் அதிகம் கஷ்டப்பட்டது வோமாக்தான் என்பேன். விலைபோகும் நிலைமை வந்தால் இன்னொருமுறை யோசி என்று இதே பாட்டில் ஒரு வரி இருக்கிறது. அடுத்த ஆல்பம் 2002இல் வந்தது, 'சம்திங் வொர்த் லீவிங் பிஹைண்ட்'. தலைப்புப் பாட்டைக் கேட்டால் அதே அச்சில் இன்னொன்று வார்க்கப் பார்த்தது தெரியும். வாழ்க்கையில் எதை விட்டுச் செல்வது என்று பெரிய பெரிய பெயர்களை வைத்துக்கொண்டு யோசிக்கும் பாட்டு. அட்டையில் அவரே வேறு ஆள் மாதிரி பளபளப்பாக இருந்தார். வானொலி பெரிதாக எடுக்கவில்லை, பழைய ரசிகர்களும் முகம் சுளித்தார்கள். இப்போது பேசுவது ஊருக்குப் புத்தி சொல்லும் நட்சத்திரம் என்று கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. லூக் த ட்ரிஃப்டருக்கு அந்தச் சிக்கல் வரவே வராது.

2005இல் 'தேர்ஸ் மோர் வேர் தட் கேம் ஃப்ரம்' என்ற ஆல்பத்தோடு திரும்பி வந்தார். எழுபதுகளின் ஒலி, ஸ்டீல் கிட்டார் தாராளமாக. அந்த வருட சிஎம்ஏவில் சிறந்த ஆல்பம் விருது அதற்கு. நீங்கள் அதிலிருந்தே தொடங்குங்கள். பிடித்திருந்தால் 2000 ஆல்பத்தை முழுதாக வரிசைப்படி கேளுங்கள். தலைப்புப் பாட்டைத் தவிர்த்தால் அது முக்கால்வாசி முறிந்த உறவுகளின் ஆல்பம். அதில் 'டஸ் மை ரிங் பர்ன் யுவர் ஃபிங்கர்' என்று ஒன்று வரும், நான் போட்ட மோதிரம் உன் விரலைச் சுடுகிறதா என்று கேட்கிற பாட்டு. பட்டி (Buddy) மில்லர், ஜூலி மில்லர் என்ற தம்பதி எழுதியது. உங்கள் கணவரிடம் அதைக் கொடுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

2005 ஆல்பத்தை மட்டும் பிள்ளைகள் காரில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள். தலைப்புப் பாட்டே கள்ள உறவைப் பற்றியது. அறிவுரை ஒன்றுகூடக் கிடையாது.