மூன்றாவது முயற்சிக்கு முன் ஒரு பேச்சு

ஐயா,

சென்ற வாரம் நீங்கள் மூவரும் மேற்படிப்பு ஆலோசனைக்காக என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் பேசியது நான்கே வாக்கியங்கள். மீதி நேரம் முழுக்க உங்கள் அண்ணன் சொன்னதும், மைத்துனர் பையனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த கதையும்தான். மகள் இரண்டு முறை மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதியும் மதிப்பெண் வரவில்லை. மூன்றாவது முறை எழுதட்டுமா, இல்லை வீட்டை அடமானம் வைத்துத் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். கலங்கிப்போயிருந்த உங்கள் மனைவிக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று அப்புறம் உறுத்தியது. அதனால் இதை எழுதுகிறேன்.

வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வட்டி கட்டுவது உங்களுக்குச் சிரமம் என்பதால் மட்டும் சொல்லவில்லை. தன் படிப்புக்காக வீடு கடனில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, இரண்டாம் ஆண்டிலேயே ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று உணர்ந்தாலும் வாய் திறக்காது. அந்தக் கடனை நீங்கள் அடைப்பீர்கள், அவள் வேறு வகையில் அடைத்துக்கொண்டே இருப்பாள். பாதியில் நின்றால்கூடத் தாங்கக்கூடிய செலவா என்று கேட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் அந்தச் சேர்க்கை வேண்டாம்.

உங்கள் அண்ணன் ‘இலக்கு பெரிதாக இருக்க வேண்டும்’ என்றாராம். சரிதான். இலக்கு பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேத்தம் இருவரும் 1990-இல் தங்கள் கோட்பாட்டை விரிவாக எழுதினார்கள். ‘முடிந்ததைச் செய்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தால் மனிதர்கள் நன்றாகச் செயல்படுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஆனால் அதற்கு அவர்களே ஒரு நிபந்தனையும் சொல்கிறார்கள்: அந்த இலக்கை அந்த ஆள் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் மகள் இரண்டு வருடம் ஓடியது பெரியப்பாவின் இலக்கை நோக்கி. ‘டாக்டர் ஆன பிறகு ஒரு நாள் காலையில் என்ன செய்துகொண்டிருப்பாய்?’ என்று நான் கேட்டபோது அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள்.

அவள் சொன்ன நான்கு வாக்கியங்களில் ஒன்று இது: “பாட்டியோட முழங்கால் பட்டை நழுவிட்டே இருந்துச்சு, நான்தான் பிரிச்சு மறுபடி தைச்சுக் குடுத்தேன்.” அப்போது மட்டும் அவள் குரல் மாறியது, நீங்கள் கவனித்தீர்களா? ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-இல் தொழில் நாட்டங்களை ஆறு வகையாகப் பிரித்தார். இன்றைய ஆர்வத் தேர்வுகள் பலவற்றுக்கும் அதுதான் அடித்தளம். அவற்றில் கையால் செய்து பார்க்கும் நாட்டமும், மனிதருக்கு உதவும் நாட்டமும் உங்கள் மகளிடம் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் கலந்த வேலைகள் நம் பேச்சில் வருவதே இல்லை. பொறியியல், வணிகவியல், நர்சிங் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: ப்ராஸ்தெட்டிக்ஸ் அண்ட் ஆர்த்தோட்டிக்ஸ். செயற்கைக் கை கால்களும், உடலைத் தாங்கும் பிரேஸ், காலிபர் போன்ற கருவிகளும் வடிவமைத்துப் பொருத்தும் படிப்பு.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மிஞ்சியிருக்கும் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கே எலும்பு தோலை ஒட்டியிருக்கிறது, எங்கே தசை இருக்கிறது, எங்கே தொட்டால் வலிக்கிறது என்று அடையாளமிட்டு, மாவுக்கட்டுத் துணி சுற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் மாவு ஊற்றினால் காலின் உருவம் கிடைக்கும். அதை அப்படியே பயன்படுத்த முடியாது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் எடையைத் தாங்கும், அங்கே உருவத்தைக் கொஞ்சம் செதுக்கிக் குறைக்க வேண்டும். எலும்பு முட்டும் இடத்தில் அழுத்தம் விழாதபடி மாவு பூசிக் கூட்ட வேண்டும். சில மில்லிமீட்டர் தவறினால் அந்த மனிதர் நடக்கும்போது தோல் புண்ணாகிவிடும். அப்புறம் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி உருவத்தின்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்து, கால் நுழையும் கூட்டை வார்ப்பார்கள். செயற்கைப் பாதத்தையும், அதைக் கூட்டோடு சேர்க்கும் தண்டுக் குழாயையும் இணைத்து, இருபக்கக் கம்பிகளைப் பிடித்து அவரை நடக்கவைத்துப் பார்ப்பார்கள். கழற்றியதும் தோலில் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து, மறுபடி திருத்துவார்கள். இப்போது பல இடங்களில் ஸ்கேனரும் கணினி வடிவமைப்பும் வந்துவிட்டன. ஆனாலும் தொட்டுப் பார்க்கும் கை தேவைப்படுகிறது.

கால் மட்டுமல்ல. முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கு உடல் பிரேஸ், போலியோ பாதித்தவர்களுக்குக் காலிபர், பக்கவாதம் வந்தவரின் தொங்கும் பாதத்துக்குத் தாங்கி, வளைபாதத்துடன் பிறந்த குழந்தைக்கு மாவுக்கட்டு முடிந்த பிறகு பாதங்களை விரித்து வைக்கும் பிரேஸ் என்று வேலை விரிந்துகொண்டே போகும். வளரும் குழந்தைக்குப் போட்ட கருவி சீக்கிரமே சிறிதாகிவிடும், அந்தக் குடும்பம் திரும்பத் திரும்ப இதே ஆளிடம்தான் வரும். தேவையும் சிறியதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இந்தச் சேவைக்கென்று தரநிலைகளை வெளியிட்டபோது, உலக மக்கள்தொகையில் சுமார் 0.5 சதவீதம் பேருக்கு இது தேவை என்று கணக்கிட்டது. முதுமையும் நீரிழிவும் கூடக் கூடத் தேவையும் கூடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்ற பட்டம் கிடைக்காது, ஆரம்பச் சம்பளம் உங்கள் உறவினர்கள் வாயைப் பிளக்கும் அளவுக்கு இருக்காது. மாவுத்தூசியும் பிளாஸ்டிக் சூடும் உண்டு. கால் இழந்து அழுகிற மனிதரோடு நாள்தோறும் இருக்க வேண்டும். நல்ல கல்லூரிகளும் குறைவு. பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு உங்கள் நாட்டுச் சட்டப்படி அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள். 1970-இல் தொடங்கிய இஸ்போ என்ற பன்னாட்டுச் சங்கம் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் அதையும் கேளுங்கள்.

இதைத்தான் அவள் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அனுமதி கேட்டு, ஒரு செயற்கை அவயவப் பட்டறையில் மூன்று நாள் அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவிலும் மூன்று நாள். எப்போது நேரம் போனது தெரியவில்லை, எப்போது கடிகாரத்தைப் பார்த்தாள் என்று தினமும் இரவு ஒரு பக்கம் எழுதட்டும். நீங்கள் அதைப் படிக்கக் கூடாது. எல்லாம் பார்த்த பிறகும் ‘அப்பா, எனக்கு டாக்டர்தான் ஆகணும்’ என்று அவளே சொன்னால், மூன்றாவது முறை எழுதட்டும், நானே பக்கத்தில் நிற்கிறேன். அது கடைசி முயற்சியாக இருக்க வேண்டும், கடன் இல்லாமல் இருக்க வேண்டும்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று கிளம்பும்போது கேட்டீர்கள். “பாப்பா அடுத்த மாசம் முடிவு சொல்லும், அதுவரைக்கும் வீட்ல இந்தப் பேச்சு வேணாம்ணே” என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வார், நான்கு நாள் பேசமாட்டார். அடுத்த முறை வரும்போது நீங்களும் அம்மாவும் வெளியே காத்திருங்கள், அவள் மட்டும் அந்த நோட்டோடு உள்ளே வரட்டும்.