பென்சில் பழகிய கைக்கு லினோ எதற்கு?

கேள்வி: பள்ளிப் பருவம் முழுவதும் பென்சிலால் முகங்களை உள்ளது உள்ளபடி வரைந்து பாராட்டுப் பெற்றவள் நான். இப்போது கவின்கலைப் படிப்பில், தாளைப் பார்க்காமல் வரைவது, கண்ணாடியில் மை தீட்டி ஒரே பிரதி எடுக்கும் மோனோடைப், லினோ என்னும் மென்மையான தகட்டைச் செதுக்கி அச்செடுத்தல் என்று அடுத்தடுத்துப் புதிய முறைகளைப் பழக்குகிறார்கள். லினோவில் நான் செதுக்கிய பாட்டியின் முகம் கரி அப்பியதுபோல் வந்தது. இருந்த கைத்திறனும் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
– கவின்கலை மாணவி, பவானி

பதில்: கெடாது. பாட்டியின் முகம் கறுத்துப்போனதற்குக் காரணம், லினோவிலும் நீங்கள் பென்சில் கணக்கிலேயே யோசித்ததுதான் என்று தோன்றுகிறது. பென்சிலில் வெள்ளைத் தாளில் தொடங்கி நிழலைச் சேர்த்துக்கொண்டே போகிறோம். தவறினால் அழிக்க ரப்பர் இருக்கிறது. லினோவிலோ செதுக்காத இடமெல்லாம் கறுப்பாக அச்சாகும், உளி பட்ட இடம் மட்டுமே வெளுக்கும், வெட்டியதை மீண்டும் ஒட்டவும் முடியாது. ஆகவே கன்னத்தில் ஒளி எங்கே விழுகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து வெட்டத் தொடங்க வேண்டும். பென்சிலை அழுத்தியும் தளர்த்தியும் பெறும் சாம்பல் நிறம் இதில் கிடையாது. வெட்டுக்கோடுகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துத்தான் அந்தத் தோற்றத்தை உண்டாக்க முடியும். படம் இடவலமாகவும் மாறும் என்பதால், பாட்டியின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதையும் முன்பே கவனித்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால், கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் வழிப்பக்கத்தில் உள்ள குமிட்டிபதியின் பாறை ஓவியங்களைப் பார்த்து வாருங்கள். அங்குள்ள யானை வெள்ளை நிறத்தில் வரையப்பட்டது. பாறையின் நிறத்தைப் பின்னணியாக விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் வரையும் அந்தக் கணக்கு, உங்கள் லினோவுக்கு நேரடியாக உதவும்.

பருவத்துக்கு மூன்று நான்கு முறைகளை ஓட்டமாகக் காட்டிவிட்டுப் போகும் பாடத்திட்டங்களில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றைத் தேர்வுக்கு வேண்டிய அளவு செய்துவிட்டு, ஒன்றில் மட்டும் ஓர் ஆண்டாவது நிலைத்திருங்கள். பிக்காசோ லினோவில் தீவிரமாக இறங்கியதே எழுபது வயதைக் கடந்த பிறகுதான். ஒரே பலகையை ஒவ்வொரு நிறத்துக்கும் மேலும் மேலும் வெட்டி அச்சிட்ட அந்தக் காலத்தில், அவருடைய கோட்டோவியத் திறன் சற்றும் குன்றவில்லை.

கேள்வி: விடுமுறையில் வீட்டிலேயே லினோ பழக விரும்புகிறேன். அச்சு இயந்திரம் இல்லாமல் முடியுமா?
– ஓவிய மாணவர், காங்கேயம்

பதில்: தாராளமாக முடியும். மையை உருளையால் மெல்லிய படலமாகப் பரப்பி, மேலே மெல்லிய தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, குறைவாகப் பதிந்த இடத்தை மறுபடியும் தேய்க்கலாம். உண்மையான லினோ, ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் சேர்ந்த கலவையைச் சணல் துணியில் படிய வைத்துச் செய்வது; குளிர்ந்திருந்தால் இறுகி உளியை வழுக்கிவிடும். உங்கள் ஊர் வெயிலில் சற்று நேரம் வைத்தாலே இளகிவிடும். செதுக்கும்போது லினோவைப் பிடிக்கும் கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். திருப்ப வேண்டிய இடத்தில் உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள்.