அரண்மனைக்காரன் தெருவில் யாருடைய அரண்மனை?

கேள்வி: சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே எந்த ராஜாவின் அரண்மனை இருந்தது? வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டான் என்கிறார் என் நண்பர். உண்மையா?

பதில்: ராஜாவும் இல்லை, அரண்மனையும் இல்லை. இல்லாத அரண்மனையை இடிக்க வெள்ளைக்காரனாலும் முடியாது என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆர்மேனியர்கள். பாரசீகத்து ஜுல்பா நகரத்தோடு தொடர்புள்ள வியாபாரிகள். ‘ஆர்மேனியன்’ என்ற சொல் நம் ஊர் வாயில் நுழையவில்லை. பக்கத்தில் என்ன தமிழ்ச் சொல் இருக்கிறது என்று நாக்கு துழாவியதில் அரண்மனை அகப்பட்டது. ஒரு ‘காரனை’யும் சேர்த்துக்கொண்டார்கள், தீர்ந்தது. ஹாமில்டன் பாலத்தை அம்பட்டன் பாலம் ஆக்கியதும் இதே நாக்குதான். அதையும் யாரோ ஒரு மேதாவி சிரத்தையாக மொழிபெயர்த்து, ஆங்கிலத்தில் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று எழுதிவைத்தார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சரித்திரம் எழுதினால், அங்கே ஆற்றங்கரையில் முடிதிருத்தும் கடைகள் வரிசையாக இருந்தன என்றுகூட ஒருவர் கிளம்புவார்.

அரண்மனைதான் இல்லையே தவிர, பணத்துக்குக் குறைவில்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வியாபாரி 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே சொந்தச் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டதும் அவர்தான். இன்று மறைமலை அடிகள் பாலத்தில் போகிறவர்கள் அவர் பாலம் இருந்த இடத்தில்தான் ஆற்றைக் கடக்கிறார்கள். போகிற அவசரத்தில் அவரை நினைக்க யாருக்கு நேரம்?

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, புதுச்சேரிக்கு வந்துவிடும்படி பெட்ரஸை அழைத்தார்கள். மாட்டேன் என்றார். சொத்தைப் பறித்துக்கொண்டார்கள். 1749-ல் ஊர் திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. விசுவாசத்துக்கு மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பிரெஞ்சுக்காரர்களுக்கு உடந்தை என்ற சந்தேகத்தில், ஆர்மேனியர்களும் கத்தோலிக்கர்களும் கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணத்தில் குடியிருக்கக் கூடாது என்று கிழக்கிந்தியக் கும்பினி உத்தரவு போட்டது. ஆக, உங்கள் நண்பர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் விரட்டினான், விரட்டப்பட்டது ராஜா இல்லை, வியாபாரி.

இடிக்கவும் இடித்தான். இன்று ஹைகோர்ட் இருக்கும் இடத்தில்தான் சென்னகேசவப் பெருமாள் கோவில் இருந்தது. 1757-ல் கோட்டையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை இடித்தார்கள். அதற்கு மாற்றாகக் கட்டியதுதான் பூக்கடைப் பக்கம் இருக்கும் பட்டணம் கோவில். நண்பருக்குக் கோபப்பட ஆசை இருந்தால் அதற்குப் படலாம், ஆதாரம் பலமாக இருக்கிறது.

சரி, தெருவுக்கு வருவோம். ஆர்மேனியர்கள் தங்கள் இடுகாடு இருந்த இடத்திலேயே 1772-ல் கட்டிய மாதா கோவில் இன்னும் நிற்கிறது. வெளியே மீன்பாடி வண்டி, ஸ்டேஷனரி மூட்டை, ஹாரன் சத்தம். வாசலைத் தாண்டினால் காலடியில் எல்லாம் கல்லறைக் கற்கள், யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அங்கேதான் பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் அடக்கமாகியிருக்கிறார். 1794-ல் இந்தச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ‘அஸ்தரார்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். உலகத்தில் ஆர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அதுதான். பதினெட்டு இதழோடு நின்றுபோனது. சந்தாதாரர்களின் போக்கு தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோவில் இருக்கிறது, கத்தோலிக்கர்களின் புனித மரியன்னை ஆலயம் இருக்கிறது, அன்னி பெசன்ட் கட்டிய கோகலே ஹால் இருக்கிறது. ஒரு தெருவுக்கு இது போதாதா, அரண்மனை வேறு வேண்டுமா?

பெயரைத் ‘திருத்தி’ ஆர்மேனியன் தெரு என்றுதான் தமிழிலும் எழுத வேண்டும் என்று அடுத்த வாரம் யாராவது கடிதம் போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதா கோவிலின் மணிக்கூண்டில் ஆறு மணிகள் தொங்குகின்றன. அதில் ஒன்றில் தமிழ் எழுத்து பொறித்திருக்கிறது: 1754-ல் வார்த்த மணியை 1808-ல் மறுபடி வார்த்த விவரம். ஆர்மேனியர்களே மணியில் தமிழ் எழுதி மாட்டியிருக்கும்போது, தெருப் பெயரில் தமிழ் கொஞ்சம் கைவைத்ததற்கு அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 9.30-க்கு அந்த மணிகளை அடிப்பது வழக்கம். நண்பரையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அன்றைக்குக் கடைகள் பாதி மூடியிருக்கும், நடக்கவும் இடம் கிடைக்கும்.